பதினோராம் பாடம் வராது

4 மார்ச் 1958, செவ்வாய். பாம்பன்

காற்றே இல்லை. மாசியிலேயே சித்திரை வெயில். கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிட்டது. துவைத்துப் போட்ட ரவிக்கை காய்ந்ததும் அட்டை போல விறைத்து நிற்கிறது.

செய்ய வேண்டியவை: மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேடு. அய்யாவுக்குக் கடிதம் (கமுதியிலிருந்து இரண்டு வந்துவிட்டது, நான் ஒன்றும் போடவில்லை). குடைக்கம்பி. மண்ணெண்ணெய்.

ஐந்து மணிக்கு மரியம் அக்கா. ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக இங்கேதான். சேலையில் பினாயில் வாடை. பிரசவ வார்டில் ஆயா வேலை, ஒன்பது வருடமாக. புருஷன் கொழும்புக்குப் போனவர், போனவர்தான். வீட்டில் உம்மா மட்டும். எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதிப் பாஸ் செய்தால் மருத்துவச்சிப் பயிற்சிக்கு அனுப்புவதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். போன செப்டம்பரிலிருந்து எல்லாப் பாடமும் நான்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்கு முன்னால் கால் நீட்டி உட்கார மாட்டார்.

இன்று விஞ்ஞானம், இரத்த ஓட்டம். சிவப்புப் பென்சில், நீலப் பென்சில் வைத்துப் படம் போட்டேன். நல்ல இரத்தம் ஒரு குழாய், கெட்ட இரத்தம் ஒரு குழாய். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தொப்புள்கொடியில ரெண்டும் ஒரே கொடிக்குள்ள ஓடும் டீச்சர். கையில புடிச்சா துடிக்கும். துடிப்பு அடங்குன பொறவுதான் கட்டுவோம்" என்றார். எனக்குத் தெரியாது. புத்தகத்திலும் இல்லை.

கிளம்பும்போது கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"பத்து முடிச்சுப் பன்னெண்டுக்கு வந்துட்டோம். பதினோராம் பாடம் விட்டுப்போச்சுல்ல டீச்சர்?"

"அது வராதுக்கா. பரீட்சையில கேக்க மாட்டாங்க."

"அப்படியா? சரி டீச்சர்."

வராது என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.

9 மார்ச், ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். பள்ளி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பதினோராம் பாடத்தை எடுத்து வைத்தேன். காலமும் வேலையும்.

ஒரு குழாய் ஒரு தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் அதே தொட்டியை 8 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் திறந்துவிட்டால் எப்போது நிரம்பும்?

எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் 2. கூட்டினால் 14. பெருக்கினால் 48. புத்தகத்தின் கடைசியில் விடை 24 என்று இருக்கிறது. 24 எங்கிருந்து வந்தது? மதியம் வரை போட்டுப் பார்த்தேன். சோறு குழைந்துவிட்டது.

நானும் எட்டாம் வகுப்பு எழுதித்தான் பயிற்சிக்குப் போனவள். இந்த மாதிரிக் கணக்கை அன்றைக்கு நெட்டுருப் போட்டேன். எண் மாறாமல் வந்தது, தப்பித்தேன். கணக்கில் 36 மார்க்.

சவரிமுத்து சாரைக் கேட்டால் சொல்லிவிடுவார். எங்கள் பள்ளியில் மேல் வகுப்புகளுக்குக் கணக்கு அவர். ஆனால் அவரிடம் எப்படிக் கேட்பது? போன வருடம் ஆறாம் வகுப்புக்கு ஆள் இல்லையென்று என்னை அனுப்பினார்கள். கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "டீச்சரம்மா மூணாம் வகுப்போட நின்னுக்கிருறது நல்லது" என்றார். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

24. எப்படி?

17 மார்ச், திங்கள்

தலைவலி. மீன் ஏலத்துக்கு வந்த லாரி பள்ளி வாசலை மறித்துக்கொண்டு நின்றது. பிள்ளைகள் ஒருவரும் பாடம் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனேன். டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மரியம் எப்படிப் படிக்கிறா?"

"நல்லாப் படிக்கிறாங்கம்மா. விஞ்ஞானத்துல எனக்கே சொல்லிக் குடுக்குறாங்க."

சிரித்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "பயிற்சிக்கு முப்பது வயசுக்குள்ள இருக்கணும். ஆவணியில அவளுக்கு முப்பது முடியுது. இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான். வேற யாரா இருந்தாலும் நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். அவ கை பட்டாலே புள்ளத்தாச்சிக பயம் இல்லாம இருக்காளுக. எல்லாப் பாடமும் முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சும்மா."

யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது. வெளியே வரும்போது வராந்தாவில் அக்கா ஒரு கிழவியைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

26 மார்ச், புதன்

நோன்பு தொடங்கிவிட்டதால் பாடம் நாலு மணிக்கு. அக்கா எச்சிலைக்கூட யோசித்து விழுங்குவது போல உட்கார்ந்திருக்கிறார். நான் தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குப் போனேன். "இங்கனயே குடிங்க டீச்சர். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

ஆங்கிலம்: நிகழ்காலத் தொடர். பத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். எல்லாம் வார்டிலிருந்தே வருகிறது. தி பேபி ஈஸ் கமிங். தி மதர் ஈஸ் க்ரையிங். தி டாக்டர் ஈஸ் நாட் கமிங். படித்துவிட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பூகோளம்: தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் என்று வாசித்தேன். "யாருக்கு? நம்ம ஊருக்கு அது மணலத்தான் கொண்டாரும். சோத்துல, பாயில, கண்ணுல. பரீட்சையில எத எழுத டீச்சர்?" "புத்தகத்துல இருக்கறத எழுதுங்கக்கா."

இதையெல்லாம் சந்தோஷமாக எழுதுகிறேன். இன்று காலையில் நடந்ததை எழுதாமல் இருக்கத்தான் எழுதுகிறேன் போலிருக்கிறது.

மணி அடிப்பதற்கு முன் சவரிமுத்து சார் தானாக வந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு. "ஆஸ்பத்திரி ஆயாம்மா பரீட்சை எழுதுறாங்களாமே. கணக்கு யாரு பாக்குறா?"

"நான்தான் சார்."

"கடைசிப் பாடங்க கொஞ்சம் சிக்கலா இருக்கும். வேணும்னா ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு அனுப்புங்க. வீட்டுல எம் பொஞ்சாதியும் இருக்கா, சும்மா வரட்டும்."

நல்ல மனதோடுதான் கேட்டார், முகத்திலேயே தெரிந்தது. எனக்கோ அந்த நாற்பது பிள்ளைகளின் சிரிப்புத்தான் காதில் கேட்டது.

"வேண்டாம் சார். எல்லாம் முடிஞ்சிருச்சு."

"சரிம்மா. சந்தோஷம்" என்று போய்விட்டார்.

இன்னும் இரண்டு ஞாயிறு இருந்தது.

8 ஏப்ரல், செவ்வாய். இராமநாதபுரம்

இரண்டு நாள் விடுப்பு எடுத்து அக்காவோடு வந்திருக்கிறேன். அக்காவின் சின்னம்மா வீட்டில் தங்கல். இன்று தமிழ், ஆங்கிலம், சரித்திரம், பூகோளம். பரீட்சை மையத்தில் தனியாக எழுத வந்த பெண் இவர் ஒருவர்தான். சுற்றிலும் பதின்மூன்று பதினாலு வயதுப் பிள்ளைகள். வாசலில் ஒரு பிள்ளை, "நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டதாம். "நான் எனக்கே அம்மா" என்றாராம்.

பயணத்தில் நோன்பை விடலாமாம். விடவில்லை.

மொகலாய அரசர்களின் வரிசை வந்ததாம். வார்டில் இருக்கிற கட்டில் வரிசைப்படி ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு அரசரைப் போட்டு மனப்பாடம் செய்தோம். சரியாக எழுதிவிட்டார். "நாலாம் கட்டிலுதான் கொஞ்சம் தடுமாறுச்சு டீச்சர், அதுல எப்பவும் ரெண்டு பேரு படுத்துருப்பாக."

9 ஏப்ரல், புதன். இராமநாதபுரம்

காலையில் கணக்கு.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தார். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். முக்காடு சரியாக இருந்தது, பேனா கையில் இருந்தது. நடந்து வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எப்படிக்கா?"

"எழுதிருக்கேன் டீச்சர்."

"எல்லாம்?"

கேள்வித்தாளை நீட்டினார். ஏழாவது கேள்வி, தொட்டியும் குழாயும். ஒன்பதாவது, பத்து ஆள் ஆறு நாளில் தோண்டும் கால்வாய். இரண்டும் பதினோராம் பாடம்.

"இந்த ரெண்டையும் விட்டுட்டேன். மத்ததுல ஒண்ணு ரெண்டு தப்பா இருக்கும். பாப்போம், அல்லா இருக்கான்" என்றார். அது எந்தப் பாடத்துக் கணக்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மதியம் விஞ்ஞானத்துக்குப் போனார். நான் அந்தக் கேள்வித்தாளை எட்டாக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் மை ஒட்டிக்கொண்டது.

22 ஏப்ரல், செவ்வாய்

நேற்றுப் பெருநாள். அக்கா புதுச் சேலை உடுத்தி, தானே நெய்ச்சோறு கொண்டு வந்தார். உம்மா சொல்லச் சொன்னதாக, "எம் மகளுக்கு எழுத்துக் குடுத்த புள்ள நல்லா இருக்கணும்" என்றார்.

சாப்பிட்டேன். நல்ல பசி, எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

11 மே, ஞாயிறு. கமுதி

விடுமுறை. வாசலெல்லாம் மிளகாய் வற்றல். தும்மல். அய்யா வருகிற ஆளிடமெல்லாம் சொல்கிறார்: "எம் மக ஆஸ்பத்திரி ஆயாவையே படிக்க வச்சுப் பரீட்சைக்கு அனுப்பிருக்கா. தமிழு, இங்கிலீசு, கணக்கு, எல்லாம் அவதான்."

"சும்மா இருங்கய்யா" என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேரிடம் சொன்னார்.

ரவிக்கைத் துணி இரண்டு கஜம். தங்கைக்கு ரிப்பன். பாம்பனுக்கு எடுத்துப் போக வற்றல் ஒரு சாக்குப்பை, சின்னது.

4 ஜூன், புதன். பாம்பன்

தென்காற்று ஆரம்பித்துவிட்டது. பாயை உதறினால் ஒரு படி மணல்.

முடிவு வந்துவிட்டது. மார்க்குகளைத் தபாலில் வாங்கிய அக்கா நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மரத்தடியில் வைத்துப் படித்தேன்.

தமிழ் 61
ஆங்கிலம் 47
சரித்திரம், பூகோளம் 58
விஞ்ஞானம் 79
கணக்கு 31

முப்பத்தைந்து வேண்டும். நாலு மார்க். அந்த இரண்டு கணக்கில் ஒன்று போட்டிருந்தால் போதும்.

"எம் மண்டையில கணக்கு ஏறல டீச்சர்" என்றார் அக்கா. "நீங்க என்ன செய்வீக? ஏழு மாசமா வீட்டுல உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுத்தீக. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. எழுத்து அவ்வளவுதான் எனக்கு."

இதற்கு நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். ஆமாம் என்பது போல இரண்டு தடவை தலையாட்டினேன். "கணக்கு எல்லாருக்கும் வராதுக்கா" என்றுகூடச் சொன்னேன்.

பிறகு மூன்றாம் வகுப்புக்குள் போய் ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். பிள்ளைகள் கத்திக் கத்திச் சொன்னார்கள்.

8 ஜூன், ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்னொரு தடவை எழுத வழி உண்டா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"பரீட்சை எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம். பயிற்சிக்குத்தான் வயசு தாண்டிருமே. வேற ஊர்ல இருந்து ஒரு பொண்ணுக்கு அந்த இடம் போயிருச்சு." பிறகு, "கணக்குலதான் போச்சாமே. நீங்க எல்லாம் முடிச்சாச்சுன்னு சொன்னதால நான் நிம்மதியா இருந்துட்டேன்" என்றார்.

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

12 ஜூன், வியாழன்

பள்ளி விட்டதும் சவரிமுத்து சார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மோர் கொடுத்தார். புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, "இது எனக்குப் புரியலை சார். எனக்கே சொல்லித் தாங்க" என்றேன். நான் நினைத்ததைவிடச் சுலபமாக வாயில் வந்துவிட்டது. மார்ச்சில் வந்திருக்கலாம்.

"மொத்த நேரத்தப் பாக்காதீக. ஒரு மணி நேரத்துக்கு என்ன ஆகுதுன்னு மட்டும் பாருங்க. ஒரு மணி நேரத்துல எவ்வளவு ரொம்பும்? ஆறுல ஒரு பங்கு. எவ்வளவு வெளிய போகும்? எட்டுல ஒரு பங்கு. கழிச்சா இருவத்திநாலுல ஒரு பங்கு. அப்ப முழுத் தொட்டி ரொம்ப?"

"இருபத்திநாலு மணி நேரம்."

"அம்புட்டுத்தான்."

பத்து நிமிடம் ஆகியிருக்கும். மோர் டம்ளரில் பாதிகூடக் குறையவில்லை.

அவரிடம் ஏன் கேட்காமல் இருந்தேன் என்று சொன்னேன். ஆறாம் வகுப்பு, கரும்பலகை, அவர் சொன்ன வார்த்தை, எல்லாம். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "நானா? நான் அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்லியேம்மா." அவர் மனைவி உள்ளேயிருந்து, "சொல்லிருப்பாக. நாக்கு அப்படி" என்றார். சார் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கங்க" என்றார்.

ஒரு வருடம் நான் சுமந்துகொண்டு திரிந்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. அதற்காக ஒரு ஆளின் ஒரே வாய்ப்பைத் தொலைத்திருக்கிறேன்.

15 ஜூன், ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அக்கா கொப்பரையில் துணி அவித்துக்கொண்டிருந்தார். காற்று புகையை எங்கள் முகத்திலேயே அடித்தது.

"அக்கா, அந்தப் பதினோராம் பாடம் வராதுன்னு நான் சொன்னது பொய். எனக்கு அது தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சவரிமுத்து சார் சொல்லித் தாரேன்னு கேட்டாரு. அதையும் வேண்டாம்னுட்டேன். உங்க மண்டையில ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் என்னாலதான்."

அக்கா கழியால் துணியைப் புரட்டினார். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாதுன்னு. அந்தப் பக்கம் வந்தா உங்க குரலு மாறிரும். தாளை ரெண்டு ரெண்டாத் திருப்புவீக. பிரசவத்துக்கு வாரவளுக பயத்த மறைக்கிறத ஒம்பது வருசமாப் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏங்க்கா கேக்கல?"

"கேட்டா நீங்க சங்கடப்பட்டு நிறுத்திருவீகளோன்னு பயம். எனக்கு வேற யாரு இருக்கா சொல்லித்தர? ஒரு பாடத்துக்காக மத்தப் பாடமெல்லாம் போயிருமே. அதான் வராதுன்னு நீங்க சொன்னத நானும் நம்புனேன். நம்பணும்னு நம்புனேன்."

அவருக்கும் பயம், எனக்கும் பயம். ஏழு மாதம் ஒரே பாயில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறோம். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. என் பயத்தில் என்ன இருந்தது?

நான் அழுதேன். அக்கா அழவில்லை. கண்ணில் புகை என்று துடைத்துக்கொண்டார். "போன வெள்ளிக்கெழமதான் உம்மாகிட்டச் சொன்னேன், இனி ஆயாதான்னு. அது சரின்னுருச்சு" என்றார். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து நர்ஸ், "மரியம், இங்கன வா, வலி எடுத்துருச்சு" என்று கூப்பிட்டார். கழியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

அக்கா திரும்பி வரும்வரை துணியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெண் குழந்தையாம்.

18 ஜூன், புதன்

காற்று பலம். ஓட்டில் இரண்டு போய்விட்டது, வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் நாலு பிள்ளைகளுக்குக் கண்வலி.

ஐந்து மணிக்கு வாசலில் நிழல். மரியம் அக்கா. இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன், பாய்கூட விரிக்கவில்லை. தானே எடுத்து விரித்து உட்கார்ந்தார். கணக்கு நோட்டு, பென்சில்.

"அந்தத் தொட்டிக் கணக்கச் சொல்லுங்க டீச்சர்."

"இப்ப எதுக்குக்கா?"

"எதுக்கும் இல்ல. என்னைய விழத்தாட்டுனது என்னன்னு பாக்க வேணாமா?"

சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே. அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த கணக்கைத் தானே போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார். பத்து ஆள், ஆறு நாள், கால்வாய், அதையும். விடைப் பக்கத்தைத் திருப்பிச் சரிபார்த்தேன். மூன்றும் சரி.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா டீச்சர்?" என்றார்.